கேட் திறக்கும் வரை

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில்
எக்ஸ்பிரஸ் என்பது பலகையில் மட்டும்தான்.
நாற்பதடிப் பெட்டியோடு
நேற்று சாயங்காலம் ஒரு கருவாட்டு நாற்றத்தில் நின்றேன்.
இன்று ராத்திரியும் அதே நாற்றம்,
கொஞ்சம் தெற்கே.
இடது பக்கம் கடல்.
கருங்கல் கொட்டி நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.
அதற்கும் கேட் பாஸ் வரவில்லை போல.

ஸ்டீயரிங்கில் சாய்த்த போனில்
நான் போவது இருநூற்று அறுபதில்.

நெட் தீர்ந்த நாளில் தனி ஆட்டம்.
ஐந்து கார், ஐந்தையும் போனே ஓட்டும்.
தங்கமான பிள்ளைகள்.
நான் சுவரில் முட்டிக்கொண்டால்
அடுத்த வளைவில் வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள்,
பந்தியில் பெரிய மனுஷன் எழுந்திருக்கட்டும் என்று
கை காயக் காத்திருப்பவர்கள் மாதிரி.
ஒருநாள் வேண்டுமென்றே உருட்டினேன்.
அவர்களும் உருட்டினார்கள்.
குப்பை வண்டி வேகத்தில் ஆறு ரேஸ் கார்
ஏதோ ஒரு பணக்கார ஊரைச் சுற்றி வந்தோம்.
நான்தான் ஜெயித்தேன்.
கோப்பை, காகிதப் பூ, கைத்தட்டல்.
இன்னா ஜெயம் அது.
போனைக் கவிழ்த்துவிட்டு
கேன் டீக்காரனிடம் சில்லறைக்குச் சண்டை போட்டேன்,
அவனாவது விட்டுக்கொடுக்காமல் இருந்தான்.

நெட் இருந்தால் கதை வேறு.
பச்சை விழுந்ததும் பின்னாலிருந்து ஒரு இடி.
மன்னிப்பு கிடையாது, இன்சூரன்ஸ் கிடையாது,
இறங்கி வந்து சட்டையைப் பிடிக்க ஆளும் கிடையாது.
சிக்னல் ஒரு கோடு குறைந்தால்
முன்னால் போகிறவன் சுவருக்குள் புகுந்து
சுவருக்கு அந்தப் பக்கம் வருவான்,
சில நேரம் ஆகாயத்தில்.
அவன் போனில் நானும் அப்படித்தான் இருப்பேன்.
மூலக்கொத்தளத்துக்கு வீடியோ போட்டால்
ரோஸ்லின் சொல்வாள்:
வாயத் தொறந்தமேனிக்கு நின்னுட்ட,
கட் பண்ணிட்டு வா.

மூன்று ராத்திரியாக ஒருத்தன் மாட்டுகிறான்.
பெயர் நண்டுகொழம்பு. மஞ்சள் கார்.
உள்வளைவில் ஒரு விரல் இடம் விடமாட்டான்.
நானும் விடமாட்டேன்.

புதன்கிழமை, ரெண்டு பத்து, இரண்டாவது சுற்று.
பின்னால் ஹாரன்.
வரிசை நகர்கிறது.
போனை சீட்டில் போட்டு, கியரைத் தட்டி,
ஒரு வண்டி நீளம் உருண்டு, பிரேக்.
எடுத்துப் பார்த்தால்
பாலத்தின் நடுவில் அனாதையாக என் கார்.
எல்லாரும் போய்விட்டார்கள்.
கொஞ்ச தூரத்தில் மஞ்சள் கார்,
அதுவும் நிற்கிறது.

ரெண்டு நாற்பதுக்கு மறுபடி நகர்ந்தது.
இந்த முறை அவன் முதலில் நின்றான்.
எண்ணினேன்.
பன்னிரண்டு நொடி கழித்து என் முன்வண்டி அசைந்தது.

ஒரு டிரெய்லர் கிளம்ப நாலு நொடி.
இது போனில் இல்லாத கணக்கு,
பதினொரு வருஷமாக இந்த ரோட்டில் போட்ட கணக்கு.
அப்படியானால்
பச்சைப் பெட்டி,
அதற்கு முன்னால் துருப்பிடித்தது,
அதற்கும் முன்னால் ஒன்று.

இறங்கி நடந்தால் ஒரு பீடி நேரம்கூட ஆகாது.
கதவில் கைகூட வைத்துவிட்டேன்.
ஆனால் கடைசிச் சுற்று,
அரைக் கார் நீளம் நான் முன்னால்.

ஹாரனை அழுத்தினேன், நீளமாக.
பின்னால் ஒருத்தன் அழுத்தினான்.
அவனுக்குப் பின்னால் ஒருத்தன்.
முன்னாலும் கிளம்பியது,
கல்மண்டபம் வரை கேட்டிருக்கும்,
எதற்கென்று தெரியாமல்
மொத்த வரிசையும் கத்தியது.

அந்தச் சத்தத்துக்குள்
மஞ்சள் கார் மட்டும்
பிரேக் விளக்கை ரெண்டு தரம் தட்டியது.

அங்கே ஒரு வளைவும் இருந்தது.